நட்டவரும் நீர் வார்த்தவரும்

"அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்" என்ற வாக்கியத்தைத் தேர்வுத்தாளில் எழுதாமல் தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவர் அநேகமாக ஒருவரும் இருக்க முடியாது. மதிப்பெண்ணுக்காக எழுதப்பட்டு, பின்னாளில் கேலிக்குப் பொருளாகிவிட்ட வாக்கியம் அது. ஆயினும் அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் சுவையான செய்தியொன்று நமக்குக் கிடைக்கிறது. தில்லியில் இன்று நிற்கும் தோப்ரா தூணில் பொறிக்கப்பட்டுள்ள ஏழாம் தூண் கல்வெட்டு, விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நிழல் தரும்பொருட்டுச் சாலைகளில் ஆலமரங்கள் வைக்கப்பட்டதையும் மாந்தோப்புகள் அமைக்கப்பட்டதையும் அசோகரின் சொந்தக் கூற்றாகவே பதிவு செய்கிறது. அங்கே அவர் ஆளும் வினைச்சொல், நம் இலக்கணத்தார் பிறவினை என்று வகுக்கும் வகையைச் சேர்ந்தது. அதாவது, பேரரசர் "நட்டேன்" என்று சொல்லவில்லை; "நடுவித்தேன்" என்றுதான் சொல்கிறார். பாடநூல்தான் பிறவினையைத் தன்வினையாக்கி, மண்வெட்டியை அரசர் கையில் கொடுத்துவிட்டது.

இது வெறும் இலக்கண நுணுக்கமன்று. நடுவித்தவருக்கும் நட்டவருக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. நட்டவருக்கும், நட்டபின் மூன்று கோடைகள் குடம் சுமந்து நீர் வார்த்தவருக்கும் இடையில் அதைவிடப் பெரியதோர் இடைவெளி இருக்கிறது. வரலாறு முதலாமவரைக் கல்லில் பொறித்து வைத்தது. மூன்றாமவரைப் பற்றி அதனிடம் சொல்வதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. சாலையோர மரங்களின் வரலாற்றை அந்த மூன்றாமவரின் பக்கமிருந்து சற்று நோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே நம் முன்னோர்க்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவது நல்லது. கோயில் நந்தவனங்களைப் பொறுத்தமட்டில் சோழர்காலக் கல்வெட்டுகள் நீர் வார்த்தவரை மறந்துவிடவில்லை. திருநந்தவனப்புறம் என்ற பெயரில் நிலம் விடப்பட்டதையும், அதன் விளைச்சல் நந்தவனத்தைப் பேணுவோரின் வாழ்வுக்கும் தோட்டத்தின் செலவுக்கும் ஆகும்படி ஏற்பாடு செய்யப்பட்டதையும் அவற்றில் காண்கிறோம். செடி வைத்தால் மட்டும் போதாது, அதற்கு நாளும் நீர் இறைப்பவனின் வயிற்றுக்கும் வழிசெய்ய வேண்டும் என்ற தெளிவு அந்த நிவந்தங்களில் இருக்கிறது. ஆனால் நந்தவனத்துக்கு மதிலும் உடையவரும் உண்டு. தெருவில் நிற்கும் கன்றுக்கு அவ்விரண்டும் இல்லை. எல்லோருக்கும் உரியது என்பதாலேயே ஒருவருக்கும் உரியதாகாமல் போகும் பொருள்களில் அதுவும் ஒன்று.

முதல் மூன்று ஆண்டுகள்

வரலாற்றுக்குள் நுழையுமுன், தெருவில் வைக்கப்பட்ட இளமரம் ஏன் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன்தரும். நாற்றங்காலில் சில ஆண்டுகள் வளர்ந்த கன்றைத் தோண்டி எடுக்கும்போது அதன் வேர்களில் பெரும்பகுதி அங்கேயே அறுபட்டுத் தங்கிவிடுகிறது. இலைகளோ குறைவதில்லை. ஆகவே புதிய இடத்துக்கு வந்து சேரும் மரம், குடிக்கும் வாய் சுருங்கி, செலவழிக்கும் கை மட்டும் பழையபடியே இருக்கும் குடும்பத்தைப் போன்றது. வேர்கள் மறுபடி பரவி, மண்ணின் ஆழத்து ஈரத்தைத் தாமே தேடிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன. அதுவரை யாரேனும் ஊற்றினால்தான் நீர்.

நியூயார்க் நகரப் பூங்காத்துறை தன் குடிமக்களுக்குச் சொல்லும் கணக்கு, மே முதல் அக்டோபர் வரை ஓர் இளமரத்துக்கு வாரம் ஒருமுறை 15 முதல் 20 காலன் வரை நீர் ஊற்ற வேண்டும் என்பது. நம் கணக்கில் ஏறத்தாழ 57 முதல் 76 லிட்டர், அதாவது நான்கைந்து குடம். நாள்தோறும் ஒரு சொம்பு தெளிப்பதைவிட வாரம் ஒருநாள் ஆழ ஊற்றுவதே நல்லது. மேல்மண்ணில் மட்டும் ஈரம் இருந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். நீருக்கு அடுத்த பகை இறுகிய மண். நடைபாதையில் விடப்பட்ட சிறு சதுரத்தை ஆயிரம் கால்கள் மிதித்து மிதித்துக் கல்லாக்கிவிட்டால் ஊற்றிய நீரும் உள்ளே இறங்காது. வேருக்குக் காற்றும் கிடைக்காது. முட்டுக்கொம்போடு சேர்த்துக் கட்டிய கயிறு, தண்டு பருத்தபின் அவிழ்க்கப்படாமல் அதன் கழுத்தை நெரிப்பதும் உண்டு. அரணாக வைத்த இரும்புக் கூண்டே நாளடைவில் தண்டுக்குள் புதைந்துபோவதும் உண்டு.

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவற்றில் ஒன்றுக்கும் நிபுணர் வேண்டியதில்லை; பெரும்பணமும் வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் அன்றாடம் அவ்வழியே போய்வருகிற, கயிறு இறுகுவதைக் காண்கிற ஒரு ஜோடிக் கண்கள். ஆயிரக்கணக்கான தெருக்களில் அத்தகைய கண்களை எந்த நகராட்சியாலும் ஊதியம் கொடுத்து நிறுத்திவைக்க முடியாது. அவை அத்தெருவில் குடியிருப்போரிடம்தான் இருக்கின்றன. அவற்றை எவ்வாறு மரத்தின்மேல் திருப்புவது என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடைதேடிய நீண்ட அனுபவம் உடைய நகரங்களில் ஒன்று என்பதாலேயே நியூயார்க்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்காரரிடமிருந்து நகரத்துக்கு

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க்கை ஒரு கொடிய வெப்ப அலை தாக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களே அவர்களில் பெரும்பாலோர். அடுத்த ஆண்டு, 1897இல், நியூயார்க் மரநடுகைச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளில் ஒருவர் ஸ்டீபன் ஸ்மித் என்ற மருத்துவர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தை 1872இல் நிறுவியவர். நகரத்தின் கோடைவெம்மைக்கு மரஞ்செடிகளே மருந்து என்று வாதிட்டு 1899இல் ஒரு கட்டுரையும் எழுதினார். மரத்தை அழகுப்பொருளாகவே பலரும் கண்டிருந்த காலத்தில் அதை உயிர்காக்கும் சாதனமாகக் கண்டவர் அவர்.

அந்நாள்வரை வீட்டுக்கு முன்னால் மரம் வைப்பதும் வளர்ப்பதும் பெரும்பாலும் அந்தந்த வீட்டுக்காரரின் விருப்பமாகவே இருந்தன. வசதியுள்ளோர் தெருவில் நிழல் இருந்தது. வாடகைக் குடியிருப்போர் தெருவில் வெயில் இருந்தது. இந்நிலை மாறவேண்டுமெனில் தெருமரங்கள் நகரத்தின் பொறுப்பாக வேண்டும் என்பது ஸ்மித் தரப்பாரின் வாதம். 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தெருமரங்கள் பூங்காத்துறையின் அதிகாரத்துக்குள் வந்தன. நியாயமான வெற்றிதான். ஆனால் எந்த வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. மரம் நகரத்துடையது என்றான பிறகு, வாசலில் அது வாடி நிற்பதைக் காண்பவர் "அது சர்க்கார் மரம்" என்று கடந்துபோகவும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. நகரமோ எல்லாத் தெருக்களையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

புரூக்ளினின் மரத்தாய்

அப்படிப் பார்க்கப்படாத பகுதிகளில் ஒன்று புரூக்ளினின் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட். 1930களில் வீட்டுக்கடன் வழங்குவதற்காகக் கூட்டரசு நிறுவனமொன்று அமெரிக்க நகரங்களின் வரைபடங்களைத் தரம்பிரித்து வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தவர் குடியேறிவந்த இப்பகுதி, கடன் கொடுக்கத் தகாதது என்ற பொருளில் சிவப்பாகத் தீட்டப்பட்டது. கடன் கிடைக்காத தெருவில் வீடுகள் பழுதாயின. பழுதான தெருவை நகரமும் கைவிட்டது. மரங்கள் பட்டுப்போயின, பட்டவற்றின் இடத்தில் புதியவை வரவில்லை. இந்த வண்ணங்களின் விளைவு இன்றும் நிழலாகவே அளக்கத்தக்கதாய் இருக்கிறது. 37 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, அன்று முதல்தரமென மதிப்பிடப்பட்ட பகுதிகளில் இன்று சராசரியாக 43 விழுக்காட்டு நிலப்பரப்பு மரநிழலில் இருப்பதையும், சிவப்பிட்ட பகுதிகளில் அது 23 விழுக்காடே என்பதையும் காட்டியது.

ஹாட்டி கார்தன் என்ற அம்மையார் இப்பகுதியில் வாழ்ந்தவர். 1900இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1960களின் நடுவில், அறுபது வயதைக் கடந்த நிலையில், தம் தெருவில் மரங்கள் அருகிவருவதைக் கண்டு அண்டை வீட்டாரைக் கூட்டினார். தெருச்சங்கம் ஒன்று உருவானது. மரம் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. தெருவில் இறைச்சி வாட்டி விருந்து வைத்துப் பணம் திரட்டினார். நகர மேயர் ஜான் லிண்ட்சேயையும் அவ்விருந்துக்கு அழைத்தார், மேயரும் வந்தார். தெருவார் நான்கு மரங்களுக்குப் பணம் கொடுத்தால் நகரம் ஆறு மரங்கள் கொடுக்கும் என்ற பங்கீட்டுத் திட்டம் அவருக்குக் கைகொடுத்தது. பின்னர் பல தெருச்சங்கங்களை ஒன்றிணைத்த பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் அழகுபடுத்தும் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. அக்குழுவின் முயற்சியால் 1,500க்கும் மேற்பட்ட மரங்கள் அப்பகுதித் தெருக்களில் வேர்கொண்டன.

அந்த நான்குக்கு ஆறு என்ற கணக்கில் ஓர் ஆழ்ந்த ஞானம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இலவசமாக வந்திறங்கிய மரம் நகரத்தின் மரம். தன் கைக்காசு சிறிதளவேனும் போட்டு, தன் தெருவார் கூடிப்பேசி வரவழைத்த மரம் தன் மரம். பங்கு கொடுத்தவர் பார்வையும் கொடுப்பார்.

இருந்தாலும் ஹாட்டி கார்தன் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதே நம் பொருளுக்கு முக்கியம். நட்ட மரம் நிற்க வேண்டுமானால் அதைக் காக்க ஒரு தலைமுறையே தயாராக வேண்டும் என அவர் கண்டார். 1971இல் அப்பகுதிச் சிறுவர் சிறுமியரைக் கொண்டு மரப்படை ஒன்றை அமைத்தார். தெருமரங்களைப் பேணும் கலை பிள்ளைகளுக்கு அங்கே கற்பிக்கப்பட்டது. விளையாட்டாகக் கிளையை ஒடிக்கும் வாய்ப்பு அதிகமுள்ள கைகள் எவையோ, அவற்றிடமே மரத்தை ஒப்படைத்தது அவரது மதிநுட்பம். காவலுக்கு வெளியிலிருந்து ஆள் தேடாமல், அச்சத்துக்குக் காரணமானவரையே காவலராக்குவது நம் ஊர்ப் பெரியவர்களும் அறிந்திருந்த உத்திதான்.

லஃபாயெட் நிழற்சாலையில் ஒரு மக்னோலியா மரம் இருந்தது. தென்மாநிலங்களுக்கு உரிய அவ்வகை, நியூயார்க்கின் குளிரில் பிழைப்பது அரிது. 1885ஆம் ஆண்டளவில் வட கரோலினாவிலிருந்து கன்றாக வந்த அம்மரம், பின்னாலிருந்த வீடுகள் குளிர்காற்றைத் தடுத்ததால் தழைத்தது. நகரச் சீரமைப்பின் பெயரால் அதற்கு ஆபத்து வந்தபோது கார்தன் போராடினார். 1970இல் நகரச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் அம்மரத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. காற்றைத் தடுத்து நின்ற வீடுகளும் பின்னர் பாதுகாப்புப் பெற்றன. தெற்கிலிருந்து வந்து, வடக்கின் குளிரில் ஒண்டிக்கொள்ளச் சுவர் கிடைத்ததால் பிழைத்த மரம். அதைக் காத்தவரும் தெற்கிலிருந்து வந்தவர். இதற்குமேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கார்தன் 1984இல் மறைந்தார். அப்பகுதியின் சமூகத் தோட்டமொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எண்கள் சொன்னது

ஹாட்டி கார்தன் அனுபவத்தால் அறிந்ததைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 1999க்கும் 2003க்கும் இடையில் நியூயார்க் தெருக்களில் நடப்பட்ட மரங்களில் 13,405ஐ மாதிரியாக எடுத்துக்கொண்டு, 2006, 2007 ஆண்டுகளில் நேரில் சென்று பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி 74.3 விழுக்காடு உயிரோடிருந்தன. நான்கில் ஒன்று பட்டுப்போய் நின்றது அல்லது இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிட்டிருந்தது. ஒரு மாபெரும் நகரம், பணமும் துறையும் சட்டமும் உள்ள நகரம், நட்ட மரங்களில் நான்கிலொன்றை இழந்திருக்கிறது. எந்த மரங்கள் பிழைத்தன என்றும் அவர்கள் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கவனித்துவருவதன் அடையாளங்கள் தென்பட்ட மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. சாலை நடுவிலுள்ள திட்டுகளில், எவர் வாசலையும் சேராமல் நின்ற மரங்கள் கூடுதலாகச் செத்திருந்தன. வாசல் என்ற ஒன்று மரத்துக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுத்தவர்கள் சொன்னது

இதுவரை படித்த நண்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நகரம் செய்யவேண்டிய வேலையைக் குடிமக்கள் தலையில் கட்டுவதற்கு இது ஒரு நாகரிகமான வழியல்லவா? நேர்மையான ஐயம். இதற்கு டெட்ராய்ட் நகரத்திலிருந்து விடை தேடுவோம்.

மரங்களுக்குப் பெயர்பெற்ற நகரம் டெட்ராய்ட். 1950க்கும் 1980க்கும் இடையில் எல்ம் மரங்களைத் தாக்கிய கொள்ளைநோயாலும் நகர விரிவாலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் மரங்களை அது இழந்தது. பின்னாளில் தொண்டு நிறுவனமொன்று வீட்டுவாசல்களில் இலவசமாக மரம் வைக்க முன்வந்தது. 2011க்கும் 2014க்கும் இடையில் அந்நிறுவனத்தார் அணுகிய வீட்டார் ஏறத்தாழ 7,500 பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டனர். மரத்தின் அருமை அறியாத மக்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கிறிஸ்டீன் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் மறுத்தவர்களிடமே சென்று பேசி, 2019இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவர்களுக்கு மரத்தின் நன்மைகள் நன்றாகவே தெரிந்திருந்தன. தங்கள் தெருவில் செத்த மரங்களை நகரம் ஆண்டுக்கணக்கில் வெட்டாமல் விட்டதையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். இந்த மரமும் நாளை தங்கள் தலையில்தான் விடியும் என்று அஞ்சினார்கள். எந்த மரம், எந்த இடத்தில் என்று தங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற மனத்தாங்கலும் அவர்களிடம் இருந்தது.

புரூக்ளினையும் டெட்ராய்ட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. புரூக்ளினில் தெருவார் கேட்டார்கள், நகரம் கொடுத்தது. டெட்ராய்ட்டில் வேறொருவர் கொண்டுவந்தார்; தெருவாரைக் காவல் காக்கச் சொன்னார். இருவகைத் தெருக்களிலும் இருந்தவர்கள் நம்மைப்போன்ற மனிதர்களே. வேறுபாடு, மரம் வருவதற்கு முன்பு அவர்களிடம் பேசப்பட்டதா என்பதில்தான் இருந்தது. முடிவெடுக்கும்போது மறக்கப்பட்டவர், நீர் ஊற்றும்போது மட்டும் நினைக்கப்படுவதை விரும்பமாட்டார். நகரத்தின் கடமைக்கு மாற்றாகக் குடிமக்களின் பராமரிப்பைக் கேட்பது அநீதி. கன்றைத் தருவதும், பட்ட மரத்தை அகற்றுவதும், கிளை முறிந்தால் ஆள் அனுப்புவதும் நகரத்தின் கடமைகள். அவற்றை அது செய்யும்போதுதான் வாசலிலிருந்து வரும் குடத்துக்கு மதிப்பு.

பக்கத்து மாநிலத்தில் ஒரு சாலை

கேட்பாரும் கொடுப்பாரும் இல்லாமலே, நகரமும் சங்கமும் சட்டமும் இல்லாமலே, இரண்டே பேர் இதைச் செய்த வரலாறும் நமக்கு அருகிலேயே உண்டு. கர்நாடகத்தின் மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்ற சிற்றூர். கூலிவேலை செய்து பிழைத்த திம்மக்காவும் அவர் கணவர் சிக்கய்யாவும் ஹுலிகல்லிலிருந்து குதூர் செல்லும் சாலையில் ஆலங்கன்றுகளை வைத்தார்கள். முதலாண்டில் பத்து, அடுத்த ஆண்டில் பதினைந்து, அதற்கடுத்து இருபது என்று அக்கணக்கு வளர்ந்து ஏறத்தாழ 385ஐ எட்டியது. மழைக்காலத்தில் நடுவது, கால்நடைகள் மேயாதபடி முள்வேலி கட்டுவது, தொலைவிலிருந்து குடங்களில் நீர் சுமந்து ஊற்றுவது என்பதே அவர்கள் முறை. ஆண்டுக்குச் சிறு எண்ணிக்கையாகச் சேர்த்துக்கொண்டே போனதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேரால் எத்தனைக்கு நீர் சுமக்க முடியுமோ அத்தனையே நட்டார்கள். மக்கள் அவருக்கு வழங்கிய "சாலுமரத" என்ற அடைமொழிக்கு மரவரிசை என்பது பொருள். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2025 நவம்பரில் மறைந்தார். அசோகரின் பிறவினையும் திம்மக்காவின் தன்வினையும் ஒரே ஆலமரத்தைப் பற்றியவை என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது.

நம் தெரு

நம் ஊர்களில் மரநடுவிழாக்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பல ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நடக்கின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரைக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவம் வருவதற்கோ இன்னும் நான்கு மாதங்கள் இருக்கும். அந்நாள்களை அக்கன்று எவ்வாறு கடக்கும் என்பது விழா அழைப்பிதழில் இடம்பெறுவதில்லை. அழைப்பிதழில் நடுபவர் பெயர் இருக்கும். நடுவிப்பவர் பெயர் அதற்கு மேலே சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும். நீர் வார்க்கப்போகிறவர் யார் என்ற வரி இருக்காது. அந்த ஒரு வரியை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு கன்று வாங்கச் செல்வதே சரியான வரிசை என்று இவ்வரலாறுகள் நமக்குச் சொல்கின்றன.

ஆகவே நண்பர்களே, நம் தெருவில் அண்மையில் வைத்த கன்று ஏதேனும் இருந்தால், அதை வைத்தவர் எவராயினும் சரி, அதன் அடிமண்ணை இந்த வாரம் ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். இறுகியிருந்தால் வேரில் படாமல் மெல்லக் கொத்திவிடுவோம். கயிறு தண்டைக் கடித்திருந்தால் தளர்த்திவிடுவோம். உலர்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுவோம். வாரம் நான்கு குடம் ஊற்றுவோம். பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் ஒரு குடத்தைக் கொடுப்போம். மூன்று கோடைகள் கடந்துவிட்டால் பின்பு அது நம்மிடம் எதையும் கேட்காது.